மா என்னும் ஓரெழுத்து



சொல்லாராய்ச்சி பற்றிப் பேசவேண்டும் என்று பணித்தீர்கள். பரப்பு பெரியது. ஆகவே ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். அதுவும் ஓரெழுத்துச் சொல்: மா.

இதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நீளமான ஒரு சொல் தொடர்பில்லாத இரு மொழிகளில் ஒரே பொருளோடு தற்செயலாக அமைவது அரிது. சொல் குறுகக் குறுக ஒப்புமை மலிந்துவிடும். மகர மெய்யும் ஆகார உயிரும் மனித வாய்க்கு மிக எளியவை. அதனால் மா என்ற ஒலி உலகில் எந்தத் திசைக்குப் போனாலும் ஏதோ ஒரு பொருளோடு நம்மை எதிர்கொள்ளும். அவற்றில் எது எதற்கு உறவு, எது பயணம் செய்து வந்தது, எது முற்றிலும் அந்நியம் என்று பிரித்தறிவதே இந்தத் துறையின் வேலை. மொழிப்பற்றின் பெயரால் இந்த வேலை இன்று பல மேடைகளில் கைவிடப்படுகிறது. அது எனக்குப் பெரிய வருத்தம். அதை மறைக்காமலே பேசுகிறேன்.

முதலில் நம் வீட்டுக்குள் பார்ப்போம். ஓரெழுத்து ஒருமொழி நாற்பத்திரண்டு என்று நன்னூல் கணக்கிடுகிறது. அவற்றில் மகர வரிசைக்கு ஆறு இடம்: மா, மீ, மூ, மே, மை, மோ. இந்த ஆறில் மா சுமக்கும் பொருள்களின் கூட்டம் தனி. மாமரம் மா. விலங்கு மா; சங்கப் பாடல்களில் பல இடங்களில் குதிரை. அரிசியை இடித்தால் மா. பெரியது மா, கரியது மா. இருபதில் ஒரு பங்கு மா, அந்தப் பங்களவான நிலமும் மா. திருமகளும் மா, இது வடமொழியிலிருந்து வந்தது.

இத்தனையும் ஒரு சொல்லின் பல பொருள்களா, பல சொற்களின் ஒரே ஒலியா? இந்தக் கேள்விக்கு விடை தேட மேல்நாட்டு நூல்களைப் புரட்டுமுன் தொல்காப்பியத்தைப் புரட்டவேண்டும். எழுத்ததிகாரத்தில் உயிர்மயங்கியல் என்ற இயலில் ஆகார ஈற்றுச் சொற்களைப் பேசும் இடத்தில், மாமரத்தைக் குறிக்கும் மாவையும் விலங்கைக் குறிக்கும் மாவையும் ஆசிரியர் தனித்தனியாகப் பெயர் சொல்லிப் பிரிக்கிறார். மரமாகிய மா அடுத்த சொல்லோடு சேரும்போது அகரமும் மெல்லெழுத்தும் பெறும். விலங்காகிய மா, பசுவாகிய ஆவைப் போல, னகர மெய் பெறும். உரையாசிரியர் காட்டும் உதாரணங்களைப் பாருங்கள்: மாஅங்கோடு, மான்கோடு. கோடு என்றால் மரத்துக்குக் கிளை, விலங்குக்குக் கொம்பு. நிலைமொழியும் இரட்டைப் பொருள், வருமொழியும் இரட்டைப் பொருள். நடுவில் நிற்கும் மெய்யெழுத்து, ஙகரமா னகரமா என்பது, மரக்கிளையையும் விலங்கின் கொம்பையும் பிரித்துவிடுகிறது. இவ்வளவு நுட்பத்தை இத்தனை பழங்காலத்தில் ஒருவர் கேட்டுப் பதிவுசெய்திருக்கிறார் என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இது ஏட்டில் மட்டும் உள்ள இலக்கணம் என்று நினைக்காதீர்கள். பொங்கல் நாளில் ஒரு வீட்டு வாசலைப் பாருங்கள். தரையில் மாக்கோலம், நிலைப்படியில் மாவிலைத் தோரணம். ஒன்று அரிசி மா, இன்னொன்று மரத்து மா. கோலம் இடுகிறவர் 'மாங்கோலம்' என்று ஒருநாளும் சொல்லமாட்டார். காய் நறுக்குகிறவர் 'மாக்காய்' என்று சொல்லமாட்டார். மரத்து மா மெல்லினத்தை அழைக்கிறது: மாங்காய், மாந்தோப்பு, மாம்பழம். அரிசி மா வல்லினத்தை இரட்டிக்கிறது: மாக்கோலம், மாக்கல். பெருமை குறித்த மா பெரும்பாலும் எதையும் சேர்த்துக்கொள்வதில்லை: மாபெரும். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பாட்டியும் இந்த வேறுபாட்டைப் பிசகாமல் காக்கிறார். ஒலி ஒன்றாக இருந்தாலும் இவை வெவ்வேறு சொற்கள் என்று சொல்ல இதைவிடச் சான்று எனக்கு வேண்டியதில்லை. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் மரத்தையும் விலங்கையும் மாவையும் தனித்தனிப் பதிவுகளாகத்தான் வைத்திருக்கிறது.

விலங்கு மா வழக்கொழிந்தது என்பார்கள். முழுதாக ஒழியவில்லை. அரிமா சங்கத்தின் பெயர்ப்பலகையில் அது நிற்கிறது. மா என்ற சொல்லோடு தொல்காப்பியர் சேர்த்துச் சொன்ன ஆ, ஆவின் பால் உறையில் தினமும் காலையில் வீட்டுக்கு வருகிறது. யாப்புப் படிக்கிற மாணவர்களுக்கு மரத்து மா இன்னொரு வேலையும் செய்கிறது. தேமா, புளிமா என்று இனிப்பு மாவும் புளிப்பு மாவும் ஈரசைச் சீர்களுக்கு வாய்பாடாயின. மாச்சீர் என்றே ஒரு வகை ஏற்பட்டது.

அரிசி மாவுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் இன்று நாம் உகரம் சேர்த்து மாவு என்கிறோம். இட்லி மாவு, கோதுமை மாவு. மாவிளக்கில் மட்டும் பழைய உருவம் ஒளிந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒளியவேண்டிய தேவையே வரவில்லை. அங்கே கடையில் கேட்பதும் கோதுமை மா, வீட்டில் வறுப்பதும் அரிசி மா, கூழுக்குக் கரைப்பது பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா. நன்னூலின் ஓரெழுத்து ஒருமொழி அங்கே சமையற்கட்டுச் சொல்லாக உயிரோடு இருக்கிறது. ஈழத்து வழக்கைத் தமிழின் ஓரத்துக் கிளை என்று எண்ணுகிறவர்கள் இந்த ஒரு சொல்லையாவது கவனிக்கவேண்டும்.

பெரியது, கரியது என்ற இரு பொருளும் ஒரு சொல்லில் எப்படிக் கூடின? மாமை என்பது கருமை கலந்த நிறம், மாயோன் கரியவன். இரும் என்ற அடையையும் பாருங்கள். அதற்கும் பெரிய, கரிய என்ற இரு பொருளும் உண்டு. இருள் அதன் பக்கத்துச் சொல். கடலையும் மழைமேகத்தையும் யானையையும் காட்டையும் கண்டு வாழ்ந்தவர்களுக்குப் பெரியவை எல்லாம் கரியவையாக இருந்தன என்று நான் எண்ணுகிறேன். இதை நிறுவ இயலாது. ஆனால் இரண்டு தனிச் சொற்கள் ஒரே இணைப்பைக் காட்டும்போது அதை வெறும் தற்செயல் என்று தள்ள மனம் வரவில்லை.

பெருமை குறித்த மா வடமொழி மகாவின் சுருக்கம்தானா என்ற வழக்கு நெடுநாளாக நடக்கிறது. என் தீர்ப்பு சுருக்கமானது. மாமல்லபுரம் என்ற பெயரில் உள்ளது மகா. மகாமல்லன் என்ற பல்லவ நரசிம்மவர்மனின் பட்டம் அதற்குச் சான்று. இதை வைத்து மற்ற எல்லாவற்றையும் வடமொழிக்கு எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. சொல்லுக்குச் சொல் தனியாக விசாரிக்கவேண்டும். விசாரிக்கும்போது ஒரு செய்தி கண்ணில் படும்: மாநிலம் என்றால் பழைய நூல்களில் இந்தப் பெரிய உலகம் முழுதும், இன்று அது இந்திய ஒன்றியத்தின் ஓர் உறுப்பு. உலகம் சுருங்கி ஓர் அரசாயிற்று.

இனி வடமொழிக்குப் போவோம். அங்கே மா என்பதற்கு மூன்று முகம். ஒன்று, 'வேண்டாம், செய்யாதே' என்று தடுக்கும் இடைச்சொல். கிரேக்கத்திலும் ஆர்மீனியத்திலும் இதற்கு இரத்த உறவுகள் உண்டு. இரண்டு, அளத்தல் என்ற வினையடி. மாத்ரா அதன் பிள்ளை. அந்த மாத்ராதான் நம்மிடம் மாத்திரை ஆயிற்று. இலக்கணத்தில் கண்ணிமைக்கும் நேரம், மருந்துக்கடையில் வாயில் போடும் வில்லை. இரண்டிலும் உள்ள பொருள் அளவு. மூன்று, திருமகள். மாதவன் என்பது திருமகள் கேள்வன்.

இந்த மூன்றில் இரண்டு மோதிக்கொண்ட ஓர் இடம் உண்டு. வால்மீகி இராமாயணத்தின் தொடக்கத்தில், இணையாக இருந்த பறவைகளில் ஒன்றை வேடன் அடித்து வீழ்த்துகிறான். அதைக் கண்ட முனிவரின் சோகமே சுலோகமாக வெளிப்பட்டது என்பது கதை. அந்தச் சுலோகத்தின் முதற்சொல் மா. நேர்ப்பொருளில் அது தடைச்சொல்: வேடனே, உனக்கு நெடுங்காலம் நிலைபேறு கிட்டாமல் போகட்டும் என்ற சாபம். ஒரு பெருங்காப்பியம் சாபத்தில் தொடங்கலாமா என்ற தயக்கம் பின்வந்தோருக்கு ஏற்பட்டது. வைணவ உரைகாரர்கள் மாவைத் திருமகளாகக் கொண்டார்கள். அடுத்துவரும் நிஷாத என்பதை வேடன் என்று கொள்ளாமல் உறைவிடம் என்று பிரித்தார்கள். திருமகள் உறையும் இடமானவனே என்று திருமாலை விளித்ததாக ஆயிற்று. அடிபட்ட பறவை இராவணன் ஆனான், சாபம் வாழ்த்தாயிற்று. ஓரசையும் மாறவில்லை. ஓரெழுத்துச் சொல் ஒன்றை எந்த வேரில் கட்டுகிறோம் என்பதில் ஒரு காப்பியத்தின் வாசலே திசை திரும்புகிறது. இந்த உரையை வலிந்த உரை என்று ஒதுக்குவோர் உண்டு. நான் ஒதுக்கமாட்டேன். சொல்லின் வேர் எவ்வளவு பெரிய விஷயம் என்று அறிந்தவர்கள் எழுதிய உரை அது.

மகா என்ற சொல்லுக்கு மேற்கே ஓர் உறவு இருக்கிறது. இலத்தீனில் மாகிஸ் என்றால் 'மேலும், அதிகமாக'. வடமொழி மகத்தும் இலத்தீன் மாகிஸும் கிரேக்க மெகாவும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் பிறந்தவை. அந்த மாகிஸ் தேய்ந்து தேய்ந்து இத்தாலிய மொழியில் மா ஆயிற்று. பொருள்: 'ஆனால்'. பெரியது என்று தொடங்கிய சொல், 'அதைவிட', 'மாறாக' என்ற படிகளில் இறங்கி, ஒரு வாக்கியத்தை மறித்து நிற்கும் இணைப்புச் சொல்லாக முடிந்தது. மாமல்லபுரத்தின் மாவும் உரோமாபுரித் தெருவில் ஒருவர் தயங்கிச் சொல்லும் மாவும் தாயாதிகள். ஒலி ஒன்று, பொருள் வேறு, ஆனால் உறவு மெய். படிப்படியான ஆவணம் இருப்பதால் இதைத் துணிந்து சொல்லமுடிகிறது.

கிழக்கே திரும்பினால் தொனி என்ற புதிய பரிமாணம் வருகிறது. சீன மொழி கற்கிறவர்களுக்கு முதல் பாடமே மாதான். குரலை உயர்த்தி நேராக நிறுத்திச் சொன்னால் தாய். கீழிருந்து ஏற்றினால் சணல். தாழ்த்தி எழுப்பினால் குதிரை. மேலிருந்து சட்டென்று இறக்கினால் திட்டுதல். தொனி இன்றி வாக்கியக் கடைசியில் ஒட்டினால் நம் வினா ஆகாரம் போலக் கேள்வி.

குதிரை என்றதும் நம்மவர்களுக்குக் கண் விரியும். சங்கத் தமிழிலும் மா குதிரை, சீனத்திலும் மா குதிரை! இங்கேதான் நிதானம் வேண்டும். பழைய சீனத்தை மீட்டுருவாக்கியவர்கள் அந்தச் சொல்லில் மகரத்தை அடுத்து ஒரு ரகரம் இருந்ததாகக் காட்டுகிறார்கள். பர்மிய மொழியின் பழைய கல்வெட்டு வடிவத்திலும் அந்த ரகரம் இருக்கிறது. அதாவது, நம் சங்கப் புலவர்கள் மா என்று பாடிக்கொண்டிருந்த காலத்துக்கு முன் சீனத்துக் குதிரை மா என்ற ஒலியில் இல்லை. பின்னோக்கிப் போகப் போக இரு சொற்களும் நெருங்கவேண்டும், இவை விலகுகின்றன. உறவில்லை என்று அறிய இதுவே போதும்.

வியட்நாமிய மொழியில் தொனி ஆறு. மா என்பது தொனிக்கேற்பப் பேய், தாய், கல்லறை, நெல் நாற்று, குதிரை, 'ஆனால்' என்றெல்லாம் ஆகும். குதிரை சீனத்திலிருந்து போனது. பேயின் கதை இன்னும் நெடியது. புத்தரின் தவத்தைக் கலைக்க வந்த மாரனை பௌத்தர்கள் சீனாவுக்குக் கொண்டுபோனார்கள். வடமொழியில் மாரன் என்றால் சாகடிப்பவன். சீனர்கள் பெயரைச் சுருக்கி மோ என்று இன்று ஒலிக்கும் ஓரசையாக்கினார்கள். எழுத்தில் சணலைக் குறிக்கும் உருவத்தை ஒலிக்காகவும் ஆவியைக் குறிக்கும் உருவத்தைப் பொருளுக்காகவும் சேர்த்தார்கள். அந்த எழுத்தை வியட்நாமில் மா என்று படித்தார்கள். ஊர்ப்புறத்துப் பேயெல்லாம் மா ஆயிற்று. ஜப்பானிலும் அதே எழுத்துக்கு அதே ஒலி. நம் நாட்டில் அதே மாரன் மன்மதனாக நின்றுவிட்டான். கரும்பு வில்லும் மலர்க்கணையும் உடைய காதல் தெய்வமும், மீகாங் ஆற்றங்கரைக் கிராமத்தில் குழந்தைகளைப் பயமுறுத்தும் பேயும் ஒரே பெயரில் கிளைத்தவை.

ஜப்பானில் இன்னொரு மா உண்டு. அது அந்த நாட்டுக்கே உரியது. இரு தூண்களுக்கு இடையிலுள்ள வெளி, இரு ஒலிகளுக்கு இடையிலுள்ள நேரம். கட்டடக் கலைஞர் அராட்டா இசொசாகி 1978இல் பாரிசில் ஒரு கண்காட்சியே இந்தச் சொல்லை வைத்து அமைத்தார்.

தாய்லாந்து மொழி ஆராய்ச்சியாளனுக்கு வைக்கும் ஒரு சோதனையைச் சொல்லவேண்டும். அங்கே மாம்பழத்துக்குப் பெயர் மமுவாங். மா என்று தொடங்குவது போலக் கேட்கிறது; தமிழ் வணிகர்கள் தாய்லாந்தின் தென்கரைக்குச் சென்றதற்குக் கல்வெட்டுச் சான்றும் இருக்கிறது. முடிச்சுப் போட்டுவிடலாம் என்று கை பரபரக்கும். ஆனால் அதே மொழியில் தேங்காய் மப்ராவ், எலுமிச்சை மனாவ், கத்தரிக்காய் மக்குவா. இந்த ம, காய்கனிப் பெயர்களின் முன்னே வரும் பொதுவான ஒட்டு. கனி என்று பொருள்பட்ட மாக் என்ற பழஞ்சொல்லின் தேய்வு அது. மாமரத்தோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு சொல்லை மட்டும் பிடுங்கிப் பார்த்தால் ஏமாறுவோம். அதன் அக்கம்பக்கத்துச் சொற்களோடு சேர்த்துப் பார்த்தால் தெளிவோம்.

மெய்யாகவே கடல் கடந்த மா எது என்று கேட்பீர்கள். மாங்காய்தான். வடநாட்டில் இந்தக் கனிக்கு ஆம்ர என்ற சொல்லின் வழிவந்த ஆம். ஐரோப்பியர் 1498இல் வந்து இறங்கியது கோழிக்கோட்டில். அவர்கள் காதில் விழுந்தது மலையாளத்து மாங்ஙா, தமிழின் மாங்காய். போர்ச்சுகீசியர் அதை மங்கா என்றார்கள். 1510இல் அச்சான வார்த்தேமா என்ற இத்தாலியப் பயணியின் நூலில் அந்தப் பெயர் பதிவாகியிருக்கிறது. ஆங்கிலத்தில் அது மேங்கோ ஆயிற்று. மலாயில் மங்கா ஆயிற்று. சீனத்தில் மாங்குவோ என்ற வடிவில் நிற்கிறது. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தேதியும் சாட்சியும் உண்டு. மா என்ற மரப்பெயரும் காய் என்ற பொதுப்பெயரும் சேர்ந்த தமிழ்ப் புணர்ச்சி, அந்த மெல்லினத்தோடேயே, உலகத்து வாயெல்லாம் ஏறியிருக்கிறது. தொல்காப்பியர் குறித்துவைத்த அதே மெல்லெழுத்து அது.

அதன் பின்கதையும் கேளுங்கள். பழைய நாளில் மாங்கனி கப்பலில் இங்கிலாந்துவரை கெடாமல் போக வழியில்லை. ஊறுகாயாகத்தான் போய்ச் சேர்ந்தது. அதனால் அங்கே மேங்கோ என்றால் ஊறுகாய் என்றே பொருள் படிந்தது. வெள்ளரியையோ வேறு காயையோ குடைந்து மசாலா அடைத்து ஊறவைப்பதற்கும் அதுவே வினைச்சொல்லாயிற்று. அந்தப் பழக்கம் அமெரிக்காவுக்குப் போனது. பென்சில்வேனியா, ஒகையோ, இந்தியானா பகுதிகளில் முதியவர்கள் குடைமிளகாயை மேங்கோ என்று அழைத்துவந்தார்கள். மாமரத்தையே கண்ணால் காணாத ஊரில், மாங்காய் என்ற தமிழ்ச்சொல் மிளகாய்க்குப் பெயராயிற்று. கற்பனையில் இதைப்போல ஒன்றைப் புனையமுடியுமா?

இனி எல்லாருக்கும் நெஞ்சில் நிற்கும் மாவுக்கு வருகிறேன். அம்மா, மா, மாமா, மம்மி. தாயைக் குறிக்கும் சொல் இத்தனை மொழிகளில் மகரத்தோடு இருப்பதால் அவை எல்லாம் ஒரே தாய்மொழியிலிருந்து வந்தவை என்று ஒரு வாதம். அந்தத் தாய்மொழி தமிழே என்று அதன்மேல் இன்னொரு வாதம். 1959இல் மானிடவியலாளர் ஜார்ஜ் பீட்டர் மர்டாக், தாய்க்கு 531, தந்தைக்கு 541 என உலக மொழிகளிலிருந்து 1072 சொற்களைத் திரட்டினார். தாய்ச் சொற்களில் 55 விழுக்காடு மூக்கொலி கொண்டவை. தந்தைச் சொற்களில் 15 விழுக்காடுதான். இதற்கு மொழியியலாளர் ரோமன் யாகப்சன் மறு ஆண்டில் ஒரு விளக்கம் எழுதினார். மார்பில் வாய் வைத்துப் பால் குடிக்கும் குழந்தைக்கு வாய் அடைபட்டிருக்கிறது. அப்போது எழக்கூடிய ஒரே ஒலி மூக்கு வழி வரும் முனகல். பிறகு பால் வேண்டும்போதும் அதே முனகல் வருகிறது. வாய் திறந்ததும் அது மா ஆகிறது. தன்னைத்தான் அழைக்கிறது என்று தாய் எடுத்துக்கொள்கிறாள். ஒவ்வொரு மொழியிலும், ஒவ்வொரு தலைமுறையிலும், இது புதிதாகப் பிறக்க முடியும். ஒருவரிடமிருந்து ஒருவர் கடன் வாங்கவேண்டிய தேவையே இல்லை.

இதற்கு எதிர்ச்சான்று போலத் தோன்றுவது ஜார்ஜிய மொழி. அங்கே மாமா என்றால் தந்தை; தாய்க்கு தேதா. நமக்கோ மாமா தாயோடு பிறந்தவர். ஒலியைக் குழந்தை தருகிறது. அது யாருக்கு என்பதைக் குடும்பம் முடிவுசெய்கிறது என்பதைத்தான் இவை காட்டுகின்றன. நம் தெக்கத்திக் குடும்பங்களில் தந்தை தன் பெண் குழந்தையை 'என்னம்மா', 'வாம்மா' என்று அழைக்கிறார். தாயைக் குறிக்கும் சொல்லால் மகளை அழைப்பதில் நம் காதுக்கு ஒரு முரணும் தெரிவதில்லை. அது வாஞ்சை, மரியாதை இரண்டும் சேர்ந்த விளி. கடைக்காரர் வாடிக்கையாளரிடமும், நடத்துநர் பயணியிடமும் இதே விளியைப் பயன்படுத்துகிறார்கள். முனகலாகத் தொடங்கிய ஒலி ஒரு சமூகத்தின் நாகரிகமாக வளர்ந்த இடம் இது.

ஜப்பானில் தாய்க்கு ஹஹா. மகரமும் இல்லை, உதடும் சேர்வதில்லை. ஆனால் 1516ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு விடுகதைத் தொகுப்பில், தாய்க்காக இருமுறை சந்திப்பது, தந்தைக்காக ஒருமுறையும் சந்திக்காதது எது என்ற பொருளில் ஒரு விடுகதை இருக்கிறது. விடை, உதடுகள். ஹஹா என்று சொல்ல உதடு எங்கே சேர்கிறது? அந்நாளில் அந்தச் சொல்லை உதடு கூட்டி ஒலித்தார்கள். அதற்கும் முன்னே அது பகரமாக இருந்தது. யாரோ விளையாட்டாகப் போட்ட விடுகதை, மறைந்துபோன ஒலிக்கு ஆவணமாகிவிட்டது.

தற்செயல் ஒப்புமைகளையும் ஒரு கை பார்த்துவிடவேண்டும். பின்லாந்து மொழியில் மா என்றால் நிலம், நாடு. நம் ஊரிலும் மா நிலம். கால்டுவெல் 1856இல் ஒப்பிலக்கணம் எழுதியபோது திராவிட மொழிகளைப் பின்னிய மொழியும் அடங்கிய ஒரு பெருங்குடும்பத்தோடு இணைத்துப் பார்த்தார். சிதியன் என்று அதற்குப் பெயரிட்டார். திராவிட மொழிகளைத் தனிக் குடும்பமாக நிறுவிய அவர் பணி நின்றது. அந்தச் சிதிய இணைப்பை அறிஞர் உலகம் ஏற்கவில்லை. இந்த மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் மா முதலில் ஒரு பின்னம், இருபதில் ஒன்று. வேலி என்ற பெரிய அளவில் இருபதில் ஒரு பங்கு என்பதால்தான் நிலத்துக்கு அந்தப் பெயர் வந்தது. மண் என்ற பொருள் அதில் என்றுமே இல்லை. பின்லாந்து மாவில் மண்ணும் நாடும் உண்டு, பின்னம் இல்லை. பொருள் வரலாற்றைக் கேட்டவுடனேயே ஒப்புமை உதிர்ந்துவிடுகிறது.

ஒலியோடு பொருளும் ஒத்துவரும் தற்செயலும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ம்பாபரம் என்ற மொழியைப் பதிவுசெய்யப் போன டிக்சன் என்ற மொழியியலாளர், நாய்க்கு என்ன பெயர் என்று கேட்டார். 'டாக்' என்றார் பெரியவர். ஆங்கிலச் சொல்லைச் சொல்கிறாரே என்று தோன்றியது. பிறகு தெரிந்தது: அண்டை மொழிகளில் குடகா என்றிருக்கும் சொல் தலையை இழந்து, உயிர் மாறி, ம்பாபரத்தில் அந்த வடிவில் நின்றிருக்கிறது. ஒலியும் பொருளும் முழுதாக ஒத்தும் உறவு இல்லை. மாமல்லபுரத்தின் மாவும் இத்தாலிய மாவும் பொருளில் ஒத்துப்போகாமலே உறவு. கண்ணுக்குத் தெரியும் ஒப்புமையை நம்பி உலக மொழிகளுக்கெல்லாம் தமிழை மூலமாக்கும் நூல்கள் இன்றும் விற்பனையாகின்றன. அவற்றை வாங்கிப் படிக்கும் இளைஞர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. அவர்களிடம் இருப்பது அன்பு. ஆனால் மாங்காயின் பயணத்தைப் போல ஆவணத்தோடு நிற்கும் பெருமை கைவசம் இருக்கும்போது, நிற்காத பெருமையை ஏன் தேடவேண்டும்? பொய்யான பத்து உறவுகளைச் சொல்லிக்கொண்டு போனால், மெய்யான ஓர் உறவைச் சொல்லும்போது உலகம் நம்மை நம்பாது.

கடைசியாக, பின்னத்துக்கு வருகிறேன். இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி, பதினாறில் ஒன்று. முந்திரியையே ஒன்றாகக் கொண்டு மறுபடியும் முந்நூற்றிருபதாகப் பிரித்தால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400இல் ஒரு பங்கு. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் இவற்றை ஒப்பித்தார்கள். சோழர் கல்வெட்டுகளில் ஓர் ஊரின் நிலத்தைச் சொல்லும்போது வேலியில் தொடங்கி, முக்கால், மா, காணி, முந்திரி, பிறகு கீழ் அளவுகள் என்று இறங்கி இறங்கிப் போகும் வரிகளைத் தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் இன்றும் படிக்கலாம். 2019இல் வெளிவந்த யூனிகோடு 12ஆம் பதிப்பில் இந்தப் பின்னக் குறிகளுக்கு இடம் கிடைத்தது. மாவுக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு.

காவிரிப் படுகையில் இந்த மா இன்றும் பேச்சில் இருக்கிறது. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. பன்னிரண்டு அடிக் கோலால் அளந்த குழிக்கு 144 சதுர அடி. ஆக ஒரு மா 14,400 சதுர அடி, ஏறத்தாழ 33 சென்ட். மூன்று மாவை ஓர் ஏக்கர் என்று விவசாயிகள் கைக்கணக்காகச் சொல்வார்கள். மாவுக்கு எத்தனை மூட்டை கண்டது என்றுதான் விளைச்சலைக் கேட்பார்கள். பட்டாவில் இருப்பதோ ஹெக்டேரும் ஏரும். நடவுக் கூலி, அறுவடை இயந்திரத்தின் வாடகை எல்லாம் ஏக்கருக்கு மாறிவருகின்றன. மாவில் நினைக்கிற தலைமுறை முதுமையில் இருக்கிறது.

இந்தத் துறையில் படிக்கும் மாணவர்களிடம் என் வேண்டுகோள் இது. படுகை மாவட்டங்களில் ஊர் ஊராகப் போய்க் கேளுங்கள். உங்கள் ஊரில் குழிக்கு எத்தனை அடிக் கோல்? மாவுக்கு எத்தனை குழி? அரைமா, காணி என்று இன்னும் யாராவது சொல்கிறார்களா? ஒருமா, இருமா என்று எண்ணும்போது மகரம் இரட்டிக்கிறதா? 'மாநிலம்' என்றால் ஒரு மா அளவு நிலமா, அரசா என்பதை அவர்கள் பேச்சில் எப்படிப் பிரிக்கிறார்கள்? கோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறும். அதையும் விடாமல் குறியுங்கள். சொன்னவர் பேச்சை ஒலிப்பதிவு செய்யுங்கள். ஊரும் நாளும் எழுதுங்கள். அடுத்த குறுவை நடவுக்குள் தொடங்கினால் நல்லது. வயலில் ஆட்கள் இருக்கும்போதுதான் அளவுச் சொற்கள் வாயில் வரும்.